சங்கிலிப் பாறைக்கு மேலே

விம்பிள்டனிலிருந்து வந்த நானும் மச்சாள் சுகந்தியும் சுவிஸ் மலையொன்றைச் சுற்றி நடக்கிறோம். காலையில் புறப்பட்ட கிராமத்துக்கே இருட்டுமுன் திரும்ப வேண்டும். மேய்ச்சல் புல்வெளி முடிகிற இடத்தில், சிகரத்துக்கு ஏறும் செங்குத்துப் பாறையில் இரும்புச் சங்கிலி தொங்குகிறது. போன வருடம் இதைக் கண்டு பயந்து வந்த வழியே திரும்பியவள் நான். இன்றும் ஏறாமல் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மாடுகளுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்த இளம்பெண் எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்கிறாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

இங்கேயே பிறந்தவளாம். கோடையில் இந்தப் பண்ணையில் வேலை.

"எனக்கு இதில ஏற ஏலுமோ, தங்கச்சி?"

"ஓம் அக்கா, பாறை நல்லாக் காய்ஞ்சு கிடக்கு. சங்கிலியை மட்டும் விட்டிடாதேங்கோ."

சுகந்தி முன்னால் ஏறுகிறாள். நானும் பிடிக்கிறேன். இரும்பு கையைச் சில்லிட வைக்கிறது. மூச்சு வாங்க வாங்க ஏறுகிறேன். திடீரென்று மேலே பாறையே இல்லை, வானம்தான். நாலாபுறமும் பனிமலைகள். சின்னப்பிள்ளை மாதிரிக் கூவுகிறேன்.

சுகந்தி களைத்து உட்கார்ந்து சாப்பாட்டுப் பையைத் திறக்கிறாள்.

"பொறு மச்சாள்," என்கிறேன். "அங்க தெரியிற மற்றச் சிகரத்தில போய்ச் சாப்பிடுவம்."