ஒன்பதாவது நிமிடம்

அவருக்கு வீட்டில் ஒரு பெயரும் வேலை அட்டையில் ஒரு பெயரும் இருந்தன. மைதானத்தின் கிழக்கு கேலரியில் அவை இரண்டும் செல்லாது. அங்கே அவர் ‘ராஜினாமா’. கிளப் தலைவர் எதிர்ப்புறத்துக் கண்ணாடி அறைக்குள் வந்து அமர்ந்ததும் முதல் ஆளாக எழுந்து, அடிவயிற்றிலிருந்து அந்த ஒற்றைச் சொல்லை எடுத்து வீசுவது அவர் வழக்கம். பின்னாலேயே அறுநூறு பேரும் கத்துவார்கள். ஒன்பது வருடங்களில் ஒருமுறைகூட அது தலைவரின் காதைத் தொட்டதாகத் தகவல் இல்லை. கண்ணாடி தடிமன் அப்படி. ஆனாலும் அறுநூறு பேர் கூடுமிடத்தில் முதல் குரல் கொடுக்கும் உரிமை யாருக்கும் சும்மா கிடைத்துவிடாது. இருபத்தேழு வருடம் நனைந்தும் காய்ந்தும், ஒரு மட்டமான அணியை விடாமல் பார்த்துச் சம்பாதித்த மரியாதை அது.

தொழில், லிப்ட் பழுதுபார்ப்பது. ஊரில் முப்பத்திரண்டு லிப்ட்டுகள் அவர் பொறுப்பு. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றின் தலைமேலும் ஏறி நின்று கம்பிவடத்தைத் தடவிப் பார்ப்பார். அடியிலுள்ள குழிக்குள் இறங்கி எண்ணெய்க் கசிவைத் துடைப்பார். மேலே மோட்டார் அறையில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். கதவு மூடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது. இப்பேர்ப்பட்டவரின் பார்வையில் ஒரு கால்பந்து அணி வசமாக மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

“என் கைல இருக்கறதிலேயே மோசமான லிப்ட்கூட கீழ போனா ஒரு நாள் மேல வரும். இதக் கீழ போறதுக்குன்னே செஞ்சிருக்கானுங்க” என்பது அணிக்கு அவர் வாய்மொழியாக வழங்கியிருந்த தகுதிச் சான்றிதழ்.

சான்றிதழில் மிகை எதுவும் இல்லை. அந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் பதினான்கு ஆட்டங்கள் ஆடி அணி போட்ட கோல்கள், சுழியம். எதிரணிக்காரர்கள் தங்கள் வலைக்குள்ளேயே தவறிப்போய் அடித்துக்கொள்வதும் உண்டல்லவா, அந்தத் தர்மம்கூடக் கிடைக்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பே அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டாகிவிட்டது. பயிற்சியாளர்களில் ஐந்தாமவர் தலைவரின் சகலை. அதற்கு முன் நீச்சல் கற்றுக்கொடுத்தவர். அணி மூழ்கும்போது மனிதர் கொஞ்சமும் பதறாமல் கரையில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, அவருடைய முன் அனுபவம் வீண்போகவில்லை என்று புரிந்தது.

வரவுசெலவு விஷயத்தைக் கேலரியில் கவனித்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற ஒரு வங்கிக் கேஷியர். கிளப்பின் ஆண்டறிக்கையை வரிவரியாகப் படித்த ஒரே ஜீவன். நாற்பத்தாறு பக்கம், அதில் பத்தொன்பது பக்கத்தில் தலைவர் சிரிக்கிறார், கணக்கு ஒரே பக்கம், அந்தப் பக்கத்திலும் பெரிய தொகை ‘இதர செலவுகள்’. அணியின் பேருந்தை விற்றார்கள், கோல்கீப்பரை விற்றார்கள், ஆட்டத்தைப் படம் பிடிக்கும் கேமராவை விற்றார்கள். அலுவலக வாசலுக்கு ஆள் வந்தால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு வாங்கினார்கள். அறிக்கையின் முன்னுரையில் தலைவர், ‘கிளப் நஷ்டத்தில் இல்லை, லாபத்துக்கு முந்தைய நிலையில் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். இந்த வரியை மட்டும் கேஷியர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். தூக்கம் வராத பேரனுக்கு அதைச் சொல்லித்தான் சிரிப்புக் காட்டுவாராம்.

தலைவருக்குக் கேலரி வைத்திருந்த பெயர் ‘கூரை’. வந்த வருடம் கிழக்கு கேலரிக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொன்னார். ஒன்பதாவது வருடமும் அதையே சொன்னார். இடையில் ஒரு வருடம்கூடச் சொல்லத் தவறவில்லை. வாக்குத் தவறாத மனிதர்.

கடைசியாக அவர் செய்த காரியம், மைதானத்தையே மரச்சாமான் கிடங்குக்குக் குத்தகைக்கு விட்டது. அடுத்த பருவத்திலிருந்து அணி அறுபது கிலோமீட்டர் தள்ளி வாடகை மைதானத்தில் ஆடும். ஆக, இந்தப் புல்லில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆட்டம்.

இதில் ராஜினாமாவுக்கு ஒரு அந்தரங்கம் இருந்தது. கேலரியில் சொன்னால் தலைமைக்கே இழுக்கு. அதனால் மனைவியிடம் மட்டும், அதுவும் அந்தம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பகல் முழுக்கப் படுக்கை விரிப்புகளை எண்ணிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒரே ஒரு கோல் பாத்துட்டா போதும். மட்டமான கோலா இருந்தாலும் சரி. அந்த இடத்த மூடறதுக்குள்ள.”

“பாக்கத்தானே போறீங்க?”

“போறது அதுக்கில்ல. எதிர்ப்பக் காட்டறதுக்கு.”

“ஒண்ணு பண்ணுங்க. ஒரு கண்ணால எதிர்ப்பக் காட்டுங்க, இன்னொரு கண்ணால கோலப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அந்தம்மா விளக்கை அணைக்கப் போனாள்.

எதிர்ப்பைத் திட்டமிடும் கூட்டம் தையல்காரர் கடையில் நடந்தது. தையல்காரருக்குக் கேலரியில் ‘வியூகம்’ என்று பெயர். துணி வெட்டும் மேசைமேல் பதினொரு பொத்தான்களைப் பரப்பி, அணி எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நிரூபித்துக் காட்டுவார். அந்தப் பொத்தான்கள் இதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்றதில்லை.

ராஜினாமாவின் யோசனை எளிமையானது. தலைவர் வந்து ஒன்பது வருடம். ஆகவே ஆட்டத்தின் ஒன்பதாவது நிமிடம் தொடங்கியதும் மொத்தக் கேலரியும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, முழுதாக ஒரு நிமிடம் பின்சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். சத்தம் கூடாது. அறுநூறு முதுகுகளைத் தலைவர் கண்ணாடி வழியே பார்த்துக் கூசிப்போக வேண்டும். போன வருடம் இதேபோல் ஒன்றைச் செய்தபோது, நடுவர் விசில் ஊதிய சத்தம் கேட்டதும் பாதிப் பேர் திரும்பிக் காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள். எனவே இம்முறை சட்டம் கடுமையாக இருந்தது. இடியே விழுந்தாலும், அவர் கைப்பேசியில் மணி அடிக்கும்வரை ஒருவரும் திரும்பக் கூடாது.

எல்லோரும் தலையாட்டினார்கள். வியூகம் மட்டும் பொத்தான் ஒன்றை விரலால் நகர்த்திக்கொண்டே கேட்டார்.

“அண்ணே, அந்த நேரம் பாத்து நம்ம பசங்க கோல் போட்டுட்டா?”

கேஷியர் சிரிக்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். ராஜினாமா கண்ணில் நீர் வரச் சிரித்து, அளவு நாடாவை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

“யாரு, நம்ம பசங்களா? யோவ், பதினாலு மேட்ச்ல ஆயிரத்து இருநூத்து அறுபது நிமிஷம் ஆடியிருக்கானுங்க. ஒரு நிமிஷத்துல ஒண்ணும் நடக்கல. நாம திரும்பற அந்த ஒரு நிமிஷத்துலதான் போடப்போறானுங்களா?”

கணக்கு சரியாக இருந்தது. கேஷியரே தலையசைத்து ஒப்புக்கொண்டார். வியூகம் வெட்கப்பட்டுப் பொத்தான்களை டப்பாவில் அள்ளிப்போட்டார். தங்கள் அணியின்மீது இவ்வளவு உறுதியான அவநம்பிக்கை வைத்திருக்கும் ரசிகர்களுக்கு அந்தத் திட்டத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை வெயில் சாய்ந்திருந்தது. கேலரி நிறைந்திருந்தது. எதிரணி ரசிகர்கள் வந்த வண்டி தாமதம். வந்தவர்களையும் உள்ளே விட ஆளில்லை, அந்தப் பக்கத்து வாயில்காரருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்பதால் பூட்டுச் சாவியோடு வீட்டில் இருந்துவிட்டார். தலைவர் வந்தார். ராஜினாமா வழக்கம்போலச் சொல்லை வீசினார். ஆட்டம் தொடங்கியது. எட்டு நிமிடங்களில் நம்மவர்கள் மூன்று முறை பந்தை வெளியே அடித்தார்கள், ஒருமுறை தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பதாவது நிமிடம். ராஜினாமா கையைத் தூக்கினார். அறுநூறு பேரும் எழுந்து திரும்பினார்கள்.

பின்சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஒரு துருப்பிடித்த தண்ணீர்க் குழாய். ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்ற அறிவிப்பு, அதற்குக் கீழே அதன் பலன். இவற்றை அறுநூறு பேர் மரியாதையோடு பார்த்து நின்றார்கள். பலர் கைப்பேசியைத் தாழப் பிடித்து, தாங்கள் புறக்கணித்து நிற்பதைத் தங்கள் முகத்தோடு படமெடுத்தார்கள். பத்து விநாடி. இருபது விநாடி. முதுகுக்குப் பின்னால் காலடிகள் விரைந்தன; யாரோ கத்தினார்கள்; பந்தை உதைத்த சத்தம், இல்லை, பந்து எதன்மீதோ பட்ட சத்தம். பிறகு நடுவரின் நீண்ட விசில்.

“ஆஃப்சைடு” என்று ராஜினாமா உதடு அசையாமல் முணுமுணுத்தார். “யாரும் திரும்பாதீங்க.”

யாரும் திரும்பவில்லை. அவர்களுடைய வரலாற்றில் கட்டுப்பாடு என்ற ஒன்று இருந்தது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

மணி அடித்துத் திரும்பியபோது, வேலிக்கு அந்தப் பக்கமாக, கேலரிக்கு நேர் எதிரே ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான். வேறு கிளப்பிலிருந்து கடனுக்கு வந்த முன்கள ஆட்டக்காரன். இரண்டு கைகளையும் விரித்து ஓடிவந்து அறுநூறு முதுகுகளுக்கு முன்னால் நின்றவன், விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தான். முகம் அழுதுவிடும் போல இருந்தது. பின் தலையைக் குனிந்து நடந்து போய்விட்டான். நடுவட்டத்தில் எதிரணியினர் பந்தை வைத்துக் காத்திருந்தார்கள். கோல் எண்ணிக்கையைப் பலகையில் மாட்டும் பலகைக்காரர் தன் பெட்டிக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து எதையோ தேடினார். பருவம் முழுக்கச் சொந்த அணிப் பக்கத்தில் பயன்படாத ‘ஒன்று’ அட்டை அடியில் கிடந்தது. அதைத் தூசி தட்டி மாட்டினார்.

ஒன்று, சுழியம். ஆட்டம் அப்படியே முடிந்தது. வெற்றி.

அதன்பிறகு கேலரியில் நடந்தது விசாரணை. நேரில் பார்த்தவர் யார்? பலகைக்காரர் அப்போது டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கோடு காக்கும் நடுவர் விரல் காட்டிச் சொல்லித்தான் அவருக்கே தெரியும். கேமராவை விற்றாயிற்று. ஐம்பது கைப்பேசிகளைத் தேடினார்கள். ஒன்றில்கூட மைதானம் இல்லை, கோபமான முகங்களும் நீலவானமும் மட்டும் இருந்தன. ஆட்டக்காரர்களிடம் கேட்கலாமென்று ஓடினால், அந்த இளைஞன் யாருக்கும் கை கொடுக்காமல் தன் ஊருக்குப் பேருந்தேறிவிட்டான். மற்றவர்கள் இவர்களைக் கண்டதும் உடைமாற்றும் அறைக் கதவைச் சாத்தினார்கள். எதிரணியும் நடுவர்களும் அதற்குள் வண்டியேறிவிட்டார்கள். கேஷியர் கணக்குப் போட்டுப் பார்த்து, தயங்கித் தயங்கி முடிவைச் சொன்னார்.

“பாக்க வந்தவங்கள்ல மைதானத்துப் பக்கம் மூஞ்சிய வெச்சிருந்தது ஒரே ஒருத்தன்தான்.”

எல்லோரும் கண்ணாடி அறையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் மனைவி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தெருவில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். தட்டை வைத்துவிட்டு, “ஜெயிச்சுட்டீங்களாமே” என்றாள். அவர் சாப்பிடாமல் கை கழுவினார்.

கிளப் அலுவலகம் ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில். அந்தக் கட்டடத்து லிப்ட்டும் அவருடைய முப்பத்திரண்டில் ஒன்று. இந்த ஒன்பது வருடத்தில் மாதந்தோறும் அதற்கு எண்ணெய் போட்டிருக்கிறார். தலைவர் ஏறி இறங்கும்போது நூறு முறை பக்கத்தில் நின்றிருக்கிறார். தலைவருக்கு இவர் யாரென்று தெரியாது. இவர் நினைத்திருந்தால் அந்த மனிதரை எத்தனையோ நாள் இரண்டு மாடிக்கு நடுவே வேகவைத்திருக்கலாம். செய்ததில்லை. வெறுப்பு மைதானத்தோடு, தொழில் கட்டடத்தோடு என்பது அவருடைய ஒழுக்கம். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திங்கட்கிழமை காலை அவர் நின்றிருந்த லிப்ட்டில் தலைவர் ஏறினார். கதவு மூடியது. நான்காம் மாடி கடந்ததும் ராஜினாமா சட்டைப் பையிலிருந்து சிறு சாவியை எடுத்தார், பொத்தான் பலகையின் கீழ்ப் பெட்டியைத் திறந்தார், திருப்பினார். லிப்ட் நின்றது.

“என்னப்பா, மாட்டிக்கிச்சா?”

“சின்ன சோதனை சார். ரெண்டு நிமிஷம்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “சனிக்கிழமை மேட்ச்ல இருந்தீங்களா சார்?”

தலைவரின் முகம் மலர்ந்தது. ஒன்பது வருடத்தில் அவரிடம் கால்பந்தைப் பற்றி யாரும் பேசியதில்லை போலும். “இருந்தேனே! பிரமாதம்பா. ஜனங்க என்னா உணர்ச்சி தெரியுமா? ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சு நின்னாங்க. பாவம், வெயில் கண்ணுல அடிக்குது, அந்தப் பக்கமா திரும்பிக்கிட்டாங்க. கூரை போட்டே ஆகணும்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.”

ராஜினாமாவின் கை சாவிமேல் இறுகியது. இருபத்தேழு வருடம் அவர் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் வரிசையில் வந்து நாக்கில் நின்றன. அவற்றில் ஒன்றையும் வெளியே விடவில்லை.

“அப்பதான் கோல் விழுந்துச்சாமே சார். எப்படி விழுந்துச்சு?”

“அதுவா? நம்ம பையன் ஒருத்தன் ஓடி வந்தான். அவங்க ஆளு ஒருத்தன் வழுக்கிட்டான். உள்ள போயிருச்சு.”

“யாரு சார் உள்ள போனது?”

“பந்துதான்.”

“எந்தக் கால்ல அடிச்சான்? வலதா, இடதா?”

தலைவர் தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தார். “காலான்னு சொல்ல முடியாதுப்பா. முட்டியா இருக்கும். இல்ல, தோளா? ஏதோ ஒண்ணுல பட்டுச்சு.”

உலகத்தில் அந்தக் கோலைப் பார்த்த ஒரே ஜோடிக் கண்கள் இவை. முட்டிக்கும் தோளுக்கும் வித்தியாசம் தெரியாத கண்கள். ராஜினாமா அவற்றை அருவருப்போடு பார்த்தார். பிறகு, சாவியைத் திருப்பாமல், ஒரு அடி நெருங்கி நின்றுகொண்டார்.

“அவசரம் ஒண்ணும் இல்லையே சார்? முதல்லேர்ந்து சொல்லுங்க. பந்து யார்கிட்டேர்ந்து வந்துச்சு? மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க.”

தலைவர் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, இரண்டு கைகளையும் காற்றில் தூக்கி ஆரம்பித்தார்.