காலை ஷிப்டுக்குத் தப்ப அலோர் ஸ்டார் வரை

போன புதன்கிழமை நானும் மனைவி ரோசியும் கோலா கெத்திலிலிருந்து அலோர் ஸ்டார் போய்வந்தோம். ஊர் சுற்ற இல்லை, ஒரு கடிதத்துக்காக. செம்பனை ஆலையில் லோரிகளை எடை போடும் எனக்கு இத்தனை வருடமாகப் பிற்பகல் ஷிப்ட். புது மேனேஜர் காலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டார். முடியாதென்றால் ஸ்பெஷலிஸ்ட் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

எனக்கு முதுகெலும்பில் அழற்சி வாதம். படுத்தால் இறுகும், நடந்தால் இளகும். விடியற்காலையில் நான் ஒரு பலகை. ரோசிதான் காலுறை மாட்டிவிடுவாள். கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் லோரி ரிவர்ஸ் எடுப்பது போல முழு உடம்போடு திரும்புவேன். கோயிலில் பாதிப் பேர் எனக்குத் திமிர் என்கிறார்கள். மீதிப் பேர் நேரில் சொல்வதில்லை.

சுங்கை பட்டாணி ஸ்டேஷன் வரை வாடகைக் கார், முப்பது வெள்ளி. அங்கிருந்து ரயில், முக்கால் மணி நேரம், ஆளுக்குப் பத்து வெள்ளிகூட ஆகாது. உட்கார்ந்தால் இறுகுமே என்று வழியெல்லாம் நின்றேன், பெட்டிக்குள் நடந்தேன். அலோர் ஸ்டாரில் இறங்கும்போது முதுகு வெண்ணெயாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க அங்க டாக்டரா?"

"நோயாளி, தம்பி."

"பாத்தா தெரியல லா."

எப்படித் தெரியும்? ரோசி இஸ்திரி போட்ட சட்டை, பவுடர், ஞாயிற்றுக்கிழமை சப்பாத்து. பெரிய இடத்துக்குப் போனால் நம் ஆட்கள் சாகக் கிடந்தாலும் மாப்பிள்ளை மாதிரிதான் போவார்கள்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். "நானும் உள்ள வரேன்" என்றாள் ரோசி. "நான் என்ன சின்னப் பிள்ளையா, உக்காரு" என்றேன்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். "எப்படி இருக்கீங்க, அங்கிள்?"

"ஓகே லா, டாக்டர்."

"காலையில எழுந்திரிக்க ரொம்ப கஷ்டமா?"

அந்தப் பெண்ணிடம் போய்க் காலுறைக் கதையைச் சொல்வதா? "சமாளிச்சிக்கலாம் லா."

குனியச் சொன்னார். ரயிலில் நடந்த புண்ணியத்தில் கை முழங்காலைத் தாண்டும் வரை குனிந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டீங்க" என்று எழுதித் தந்தார்: எந்த ஷிப்டுக்கும் தகுதி.

வெளியே வந்து நீட்டினேன். ரோசி படித்தாள். "நாளைக்கு எந்திரிக்கிறப்ப அந்த டாக்டர் பிள்ளையையே வரச் சொல்லுங்க, ஸ்டோக்கின் மாட்டிவிட" என்றாள்.

இதே நோயோடு இதே பயணம் போகிறவர்களுக்கு என் யோசனை. முதல் ரயிலைப் பிடியுங்கள், உட்கார்ந்தே போங்கள், அசையாதீர்கள். கசங்கிய சட்டை நல்லது. கட்டியவளை உள்ளே கூட்டிப்போங்கள், பேசுவதை அவளிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது தினமும் நாலு மணிக்கு அலாரம். ஆறுக்குள் நிமிர்ந்தாக வேண்டும். நேற்று எடை மேடையில் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தேன். மேனேஜர் கடந்துபோகிறபோது கேட்டார்.

"என்ன அண்ணே, காலை ஷிப்ட் எப்படி?"

முழு உடம்போடு அவர் பக்கம் திரும்பினேன். திரும்பி முடிக்கச் சற்று நேரமானது.

"ஓகே லா" என்றேன்.