வெண்டைக்காய் முத்திரை

எனக்குப் பயம் வந்தால் முதலில் திறப்பது வாய்தான். வீட்டுக்காரர் வர கொஞ்சம் தாமதமானால், ஃபோனை எடுத்ததுமே "எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்றுதான் கேட்பேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் சேத்தியாத்தோப்பு வரை போய்விட்டு, அடுத்த பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்குத் திரும்பி வந்த ஆள் நான். வழி முழுக்கக் கூட வந்த மகளைத்தான் திட்டினேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அவள் அதில் என்ன தப்பு செய்தாள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எங்கள் வீட்டில் இதையெல்லாம் யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்றே நினைத்திருந்தேன்.

வீட்டுக்காரருக்குப் பறவைப் பைத்தியம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அத்தை மகன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு நாலைந்து நண்பர்களோடு கிளம்பிவிடுவார். போன மார்கழியில் அந்தக் கோஷ்டிக்கு ஒரு யோசனை வந்தது. கடலூர் முதுநகரைத் தாண்டி உப்பங்கழியோரமாக ஒரு பூங்கா இருக்கிறது. பறவை பார்ப்பதற்கென்றே கரையை ஒட்டி ஒரு மண்பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் டிபன் டப்பாக்களை ஒளித்து வைத்து, பிள்ளைகளைத் தேட விடுவது. வெளிநாட்டில் இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறதாம். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சின்ன நோட்டு, ரப்பரில் செதுக்கிய ஒரு பறவை முத்திரை, அடுத்த டப்பாவுக்கு ஒரு குறிப்பு. கண்டுபிடித்த பிள்ளை தன் முத்திரையை டப்பா நோட்டில் குத்த வேண்டும், டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். பிறகு இருந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

மற்ற பிள்ளைகள் கடையில் வாங்கிய முத்திரைகளோடு வந்தார்கள். ஒன்பது வயதாகிற என் மகள், சாம்பாருக்கு வைத்திருந்த வெண்டைக்காயில் முற்றலாக ஒன்றைப் பொறுக்கி, காம்புப் பக்கம் நறுக்கி எடுத்துக்கொண்டாள். மையில் தோய்த்து அழுத்தினால் நட்சத்திரம் போல விழும். சாதாரண வெண்டைக்காயில் ஐந்து இதழ்தான் வரும், அவளுடையதில் ஆறு. அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

பூங்கா வாசலிலேயே காவலாளி சொன்னார், "யம்மா, மத்தியானத்துக்கு மேல கழியில தண்ணி ஏறும். புள்ளைங்கள ஓரமா உடாதீங்க." "பாதைய உட்டு எறங்காதடி" என்று மகளிடம் அதட்டினேன். மாமா சிரித்தார். "டப்பா எல்லாம் பாதையிலதாண்டி இருக்கு. எறங்கவே வேணாம். நீ போய் உக்காரு." பிள்ளைகளை ஜோடி ஜோடியாக அனுப்பினார்கள். என் மகளோடு அவர் நண்பரின் பெண். நான் புளிசாதத் தூக்கோடு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆண்கள் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு பாதையின் மறுகோடிக்குப் போனார்கள்.

மத்தியானம் ஆனபோது அந்தப் பெண் மட்டும் திரும்பி வந்தாள். கையில் பிஸ்கட் பாக்கெட்.

"அவ எங்கடி?"

"எனக்குக் கால் வலிச்சுது ஆன்ட்டி. மூணாவது டப்பா வரைக்கும் வந்தேன். அவ நாலாவதத் தேடிட்டு வரேன்னு போனா."

"எப்போ?"

"அப்பவே."

நான் ஓடினேன். ஓடும்போதே மாமாவுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. பறவை மிரளும் என்று எல்லோரும் சைலண்டில் வைத்திருப்பார்கள். பாதையில் ஒரு ஈ காக்கா இல்லை. இடது பக்கம் முழுக்கக் கழி. காலையில் வரும்போது சேறு தெரிந்த இடமெல்லாம் இப்போது தண்ணீர் பளபளத்தது.

முதல் டப்பா மரத்தடியில் கல்லுக்குப் பின்னால் இருந்தது. திறந்து நோட்டைப் புரட்டினேன். ஆறிதழ் நட்சத்திரம் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவது டப்பாவில் நட்சத்திரத்தைத் தொட்டதும் விரலில் ஊதா மை ஒட்டிக்கொண்டது, வெண்டைக்காயின் வழவழப்போடு. எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இங்கேதான் இருக்கிறாள், பக்கத்தில்தான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

நாலாவது டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பாதை ஓரத்துப் பலகையில் ஒரு மீன்கொத்தி வரைந்திருக்கிறது, அதன் மூக்குக்கு நேராக இருக்கிற பெஞ்சுக்கு அடியில். ஓடிப்போய்க் குனிந்து எடுத்தேன். நோட்டில் யானை இருந்தது, பூ இருந்தது, கார் இருந்தது. நட்சத்திரம் இல்லை. இரண்டாவது முறை புரட்டினேன். மூன்றாவது முறை புரட்டும்போது பக்கம் கிழிந்தது.

திரும்ப மூன்றாவது டப்பாவுக்கே வந்து, அதிலிருந்த குறிப்புச் சீட்டை எடுத்துப் படித்தேன். 'மீன்கொத்தி எங்கே பார்க்கிறதோ அங்கே போ.' தலையைத் தூக்கினேன். கழிக்குள், தண்ணீரிலேயே வேர்விட்டு நிற்கும் கண்டல் மரங்களுக்கு முன்னால், நட்டு வைத்த ஒரு மூங்கில் கொம்பின் மேல் உட்கார்ந்திருந்தது மீன்கொத்தி. நிஜ மீன்கொத்தி. அது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பலகையில் வரைந்தது அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? உயிரோடு ஒன்று உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை படத்தைத் தேடிப் போகும்? கரையில் இறங்கினேன். கொஞ்ச தூரத்தில், மரங்களை ஒட்டி, ஒரு சிவப்புச் செருப்பு மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. சிதம்பரம் மேலவீதியில் பேரம் பேசி நான் வாங்கிக் கொடுத்தது. போட்டு ஒரு வாரம் ஆகவில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. சேறு முழங்கால் வரைக்கும் பிடித்து இழுத்தது. புடவை கனத்தது. கத்த ஆரம்பித்தேன். என்ன கத்தினேன் என்று நன்றாக நினைவிருக்கிறது, மறந்திருந்தால் நல்லது.

"ஏய்! எங்கடி போய்த் தொலைஞ்ச? பாதைய உட்டு எறங்காதன்னு சொன்னனா இல்லியா? மரியாதையா வெளிய வா! வந்தினா காலை ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்! இன்னிக்கித் தோலை உரிக்கல, நான் உங்கம்மா இல்ல!"

மீன்கொத்தி பறந்து போயிற்று. பதில் இல்லை. தண்ணீர் வேர்களுக்கிடையே சளப் சளப்பென்று அடிக்கிற சத்தம் மட்டும். பதில் வராததால் இன்னும் கத்தினேன். இன்னும் கேவலமாகத் திட்டினேன். தண்ணீர் என் தொடைக்கு வந்துவிட்டது. என் தொடை என்றால் அவளுக்கு எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அதற்கு மேல் திட்ட வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட வரவில்லை. அங்கேயே நின்று, சாவு வீட்டில் அழுகிற மாதிரி ஓவென்று அழுதேன்.

"அம்மா."

பக்கத்திலேயே கேட்டது. நான் நின்ற இடத்துக்கு முன்னால் இருந்த மரத்துக்குப் பின்னால். வேர்களைப் பிரித்துப் பார்த்தேன். இடுப்புக்கு மேல் தண்ணீரில், ஒரு கையால் வேரைப் பிடித்தபடி நின்றாள். இன்னொரு கை நோட்டை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள். நான் கத்திய ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு.

"அழாதம்மா. செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. தேடிட்டிருந்தேன், தண்ணி வந்துடுச்சு."

அவளைத் தூக்கக் கையை நீட்டினேன். அவ்வளவுதான். நோட்டைப் போட்டாள், வேரையும் விட்டுவிட்டாள். இரண்டு கைகளாலும் கன்னங்களை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. கவுனைப் பிடித்து இழுத்தேன். எப்படிக் கரைக்கு வந்தோம் என்று தெரியவில்லை. தூக்கிக்கொண்டு நடந்தபோது அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவே இல்லை. கன்னத்தில் வைத்த கைகள் வைத்தபடியே இருந்தன.

வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். யாரோ துண்டு கொடுத்தார்கள். மாமாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா அவ்ளோ தூரம் கூப்பிட்டிருக்காங்களே, மறுகோடி வரைக்கும் கேட்டுச்சே. உனக்குக் காதுல விழலியாடா செல்லம்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"விழலப்பா."

துண்டு என் கையில் இருந்தது. அதை அவள் தலைக்குக் கொண்டு போகப் பயமாக இருந்தது.

"விழுந்துச்சு மாமா," என்றேன். "நல்லாவே விழுந்துச்சு."