ரெண்டு விரக்கடை காலியா விட்ட பாட்டில்

இருதயராஜ் சிவகங்கைக்காரன். வயசு முப்பத்தி நாலு. எந்த வேலைக்கு எடுத்தோம்னு அவன்கிட்ட யாரும் சொன்னதில்ல. முதலாளி சொல்ற வேலை, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் கிராஞ்சியில மூடிக் கிடக்கிற ஒரு லாரி யார்டு. தரைக்கடியில இருந்த பெட்ரோல் டாங்கி துருப்பிடிச்சு வருஷக்கணக்கா ஒழுகியிருக்கு. டாங்கிய தோண்டி எடுத்துட்டாங்க. மண்ணுக்குள்ள இறங்கின பெட்ரோல் எங்க போகும்? நிலத்தடித் தண்ணியில கலந்துடுச்சு. கம்பெனி பம்ப் வெச்சு அந்தத் தண்ணிய உறிஞ்சி சுத்தம் பண்ணுது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நிலத்துக்குள்ள இறக்கின குழாயில தண்ணி எடுத்து ஜூரோங் லேபுக்குக் கொண்டு போறது இருதயராஜ். நாலு தடவை தொடர்ந்து சுத்தம்னு வந்தா பம்ப கழட்டிடலாம், கம்பெனிக்குச் செலவு மிச்சம்.

பக்கத்து நர்சரி பாப்பாத்தியோடது. தேக்கா மார்க்கெட் கடைகளுக்குக் கருவேப்பிலையும் வெத்திலையும் அங்கேருந்துதான் போகுது. அவங்க கிணத்துத் தண்ணியில பெட்ரோல் நாத்தம். வெத்திலைக் கொடியெல்லாம் மஞ்சளா பழுக்குது. ஆனா ரிப்போர்ட்டு மூணு தடவை சுத்தம்னு வந்துடுச்சு.

எப்படி வந்துச்சு? சூப்பர்வைசர் ஷங்கர் மொத நாளே சொல்லிட்டான்: "பாட்டில ஃபுல்லா ஊத்தாத லா. ஐஸ் பெட்டியில வெடிச்சிடும். ரெண்டு விரக்கடை விடு." வீட்டு ஃப்ரீசர்ல பாட்டில் வெடிச்சத பாத்தவன்தானே இருதயராஜ்? நம்பிட்டான். ஒழுங்கா அளந்து விட்டான்.

நாலாவது தடவை லேப் கவுண்டர்ல ஷமீமா பாட்டில தலைகீழா கவுத்தா. உள்ள பெரிய காத்துக் குமிழி.

"அண்ணே, இன்னைக்கும் காத்தா? பெட்ரோல் அந்தக் காத்துக்குள்ள ஏறிடும். மூடிய தொறந்தா ஓடிடும். அப்புறம் தண்ணி சுத்தம்னுதானே வரும்?"

"வெடிச்சிடும்னு சொன்னாங்கம்மா."

"யாரு சொன்னது? இது ஃப்ரீசர் இல்லண்ணே, சும்மா ஐஸ். மூணு ரிப்போர்ட்லயும் அடியில எழுதினோமே, பாட்டில்ல காத்து இருக்கு, இந்த ரிசல்ட்ட நம்பாதீங்கன்னு. உங்க ஷங்கர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனாரு."

இருதயராஜ் மூஞ்சி செவந்துச்சு. ஒன்பது மாசமா அந்தப் பொம்பளை நாத்தத் தண்ணியில நிக்கிறா. அவ சொன்னதப் பொய்யாக்கினது இவன் கை.

"புது பாட்டில் குடுங்கம்மா."

ஏன் லேட்டுன்னு கேட்ட ஷங்கர், விஷயம் தெரிஞ்சதும் ஃபோன்ல கத்துறான். "டேய், குடுத்துட்டு வாடா! இன்னொரு தடவை எடுத்தே, உன் வேலை பர்மிட்ட கேன்சல் பண்ணிடுவேன்!"

"பண்ணுங்க சார். ஊர்ல எனக்கு மாடு இருக்கு. மாட்டுக்கு மூளையும் இருக்கு."

கூட்டிட்டு வந்த கம்பெனி லாரி டிரைவர் யார்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன்னுட்டான். கிராஞ்சிக்கு பஸ் அடிக்கடி கிடையாது. ஐஸ் பெட்டிய மடியில வெச்சுக்கிட்டுக் காத்திருந்தான்.

அவன் யார்டுக்கு வந்து சேர்ந்தப்ப பாப்பாத்தி வேலியோரம் வந்து நின்னாங்க. "என்னப்பா, காலையிலதானே எடுத்துட்டுப் போன?"

"தப்பா எடுத்திருக்கேன்க்கா. இந்த ஒன்பது மாசமும்."

"என் மூக்கு சொன்னத ஒரு பய கேக்கல. உன் பாட்டில் சொன்னா கேப்பாங்களா?"

"இன்னைக்குக் கேக்க வெக்கிறேன்."

குழாய்ல தேங்கின பழைய தண்ணிய எறச்சுக் கொட்டினான். புதுத் தண்ணி வாய் முட்டப் பொங்கி நிக்கிற மாதிரி ஊத்தி மூடினான். கவுத்துப் பாத்தான். ஒரு குமிழி இல்ல. லேபு சாத்துறதுக்குள்ள ஷமீமா கையில கொடுத்துட்டான்.

ரிசல்ட் வந்துச்சு. அனுமதிச்ச அளவப்போல நாப்பது மடங்கு. பம்ப கழட்ட முடியல. கிணத்துக்குப் பூட்டு, பாப்பாத்திக்குக் குழாய்த் தண்ணி. தேக்காவுக்குப் போற கருவேப்பிலை, வெத்திலைக் கட்டும் நின்னுச்சு. இத மொத தடவையே செஞ்சிருக்கணும்!

ஷங்கர் இன்னும் அதே நாக்காலியில இருக்கான். இருதயராஜுக்குத்தான் விமான டிக்கெட்டு. கூடவே ஒரு பேப்பர நீட்டினாங்க: 'பயிற்சி இல்லாத தொழிலாளி செய்த தவறு.' கையெழுத்துப் போடணுமாம்.

பேனாவ வாங்கி கீழ தமிழ்ல எழுதினான். பயிற்சி குடுக்காதது யாரு? ரெண்டு விரக்கடை விடச் சொன்னது யாரு? லேபுக்காரங்க எச்சரிச்சத மூணு தடவை வாங்கி மடிச்சு வெச்சது யாரு? எழுதி, ஃபோட்டோ எடுத்து, லிட்டில் இந்தியாவுல இருக்கிற வெளிநாட்டுத் தொழிலாளி உதவி மையத்துக்கு அனுப்பினான்.

அப்புறம்தான் கையெழுத்து.