யானைக்கு அடியில் இருந்த மீசை

என் மச்சானுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை தெரிந்துவிடும். எத்தனை கிலோ என்று சொல்லமாட்டான், ஏற வேண்டிய பெட்டியைத்தான் கையால் காட்டுவான். "நீங்க கிளி. அண்ணன் அந்தாண்ட யானை. நீ கொஞ்சம் இரும்மா, ஒனக்கு ஜோடி வரல."

ராட்டினத்துக்குப் பன்னிரண்டு பெட்டி, யானையும் கிளியுமாகப் படம் போட்டவை. ஒரு பெட்டியில் ஏறியவர்களுக்குச் சமமான பாரம் நேர் எதிர்ப் பெட்டியில் இருக்க வேண்டும். பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர்கள் நாலு பேர் ஒரு பெட்டியில் உட்கார்ந்தால், எதிரில் கிள்ளையிலிருந்து வந்த குடும்பம் ஒன்றைப் பாட்டி முதல் கைக்குழந்தை வரை மொத்தமாக ஏற்ற வேண்டும். அப்போதும் பற்றாமல் அவர்கள் வாங்கி வந்த பலாப்பழத்தையும் கூடவே வைப்போம். அவனுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவன் நான். என் இடது தோள் போன பிறகு நான் இன்ஜின் பக்கம் போய்விட்டேன். கொஞ்ச காலம் யார் யாரோ ஏற்றினார்கள், கடைசியில் என் பெண்டாட்டியின் கடைசித் தம்பி வந்தான். தோள் எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் செல்போனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன தை மாதம் எங்கள் முதலாளியம்மா ராட்டினத்தைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகச் சொன்னார். பழைய முதலாளியின் மகள். நல்ல பெண்தான், ஊர் ஊராகப் பொருட்காட்சி போடுகிறவர். ராட்டினத்துக்குப் பதில் ஓர் இருட்டு அறை வருமாம். உள்ளே வெளிநாட்டுக் கார்ட்டூன் முகமூடிக்காரன் ஒருவன் திரையில் பறப்பான், நாம் உட்கார்ந்த நாற்காலி குலுங்கும். பணம் கொடுத்துக் குலுங்குவதற்கு அறை எதற்கு? சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்கு டவுன் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தால் போதும்.

அந்த நாற்காலிக்கு ஒல்லி, குண்டு எல்லாம் ஒன்றுதான். பொத்தானை அழுத்தினால் குலுங்கும். ஆள் ஏற்ற ஆள் வேண்டாம். மச்சானுக்கு வயது ஐம்பத்தெட்டு. இடையில் ஒரு தடவை கோபித்துக்கொண்டு சிப்காட் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். உள்ளே வருகிற ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, "பாரம் எடது பக்கம் ஜாஸ்தியா இருக்கு, மாத்தி ஏத்து" என்று டிரைவர்களிடம் வம்பு செய்தானாம். ஒன்பதாம் நாள் அனுப்பிவிட்டார்கள். ராட்டினம் போனால் அவன் போவதற்கு வேறு இடம் இல்லை. இதுதான் விஷயம். மற்றதெல்லாம் வேடிக்கை.

வேடிக்கை செல்போனில் நடந்தது. ராட்டினத்தைக் காப்பாற்ற ஒரு குழு கிளம்பியிருந்தது. அதில் இருட்டு அறைதான் வேண்டும் என்கிறவர்களும் புகுந்து சண்டை போட்டார்கள். மச்சான் எப்படியோ அதில் சேர்ந்து, அவர்கள் பேச்சாகப் பதிவு செய்து அனுப்பியதையெல்லாம் எனக்குப் போட்டுக் காட்டுவான். கத்தாரிலிருந்து ஒருவன் அழுதான். "அந்த யானைப் பொட்டிதாங்க என் சின்ன வயசு" என்றான். எங்கள் ராட்டினம் டீசலில் ஓடுகிறது, இவன் கண்ணீரிலேயே ஓட்டிவிடுவான் போலிருந்தது. அதற்கு ஒருத்தி, "அங்கிள், துருப் புடிச்ச பக்கெட்டுல ஒக்காந்து சுத்தறதுக்கு இம்மாம் அழுகையா?" என்றாள். உடனே நாலு பேர் அவளை வளர்ப்பு சரியில்லை என்று திட்டினார்கள். காலை முழுக்க இதே பாட்டு. நான் மச்சானிடம் கேட்டேன்.

"இவுங்கள்ல ஒரு ஆளாவது போன மாசி மகத்துக்கு ஏறனாங்களா மச்சான்?"

"எங்க மாமா? முன்னாடி நின்னு போட்டோ புடிச்சிட்டு ஏறாமயே போயிட்டாங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு அழுவுறாங்க?"

"அழுவட்டும் வுடுங்க. அழுதா எனக்கு வேல நிக்கும்."

நியாயம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிதம்பரத்தில் எங்கள் கொட்டகைக்குக் குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர் நேரிலேயே வந்தார்கள். ராட்டினம் அங்கே கழற்றிக் கிடந்தது. பெட்டிகள் வரிசையாகத் தரையில் இருந்தன. வந்தவர்களில் இரண்டு பேர்தான் பேசினார்கள், மற்றவர்கள் படம் பிடித்தார்கள். ஒருவர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி. இன்னொருவர் சிதம்பரத்தில் செருப்புக் கடை வைத்திருப்பவர், நல்ல கனம். அவரைப் பார்த்ததும் மச்சானின் கை தானாக ஒரு பெட்டியைக் காட்டியது. பழக்கம்.

முதலாளியம்மா நாற்காலி போடச் சொன்னார்.

"ஜனங்க கேக்கறது அந்த முகமூடிக்காரனத்தாங்க. புள்ளைங்க பனியன்ல, பென்சில் டப்பாவுல, தண்ணி பாட்டில்ல எல்லாம் அவன் மூஞ்சி. நான் இன்னா பண்ணட்டும்?"

"அது வியாபாரம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "இது கலை. இந்தக் கிளியப் பாருங்க. இந்த யானையப் பாருங்க. எந்த சினிமாவும், எந்தக் கம்பெனியும் தொடாத சுத்தமான நாட்டுப்புறக் கலை. அந்தக் கண்ணுல ஒரு சோகம் தெரியுது பாருங்க."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அந்தக் கண்ணில் சோகம் தெரியும்தான், அது மீன் கண். வரைந்தவர் கடலூர் துறைமுகத்தில் படகுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவருக்கு மீன் மட்டும்தான் வரையத் தெரியும். யானை கேட்டேன், மீனுக்குத் தும்பிக்கை வைத்தார். கிளி கேட்டேன், மீனுக்கு மூக்கு வைத்தார். மிருகமாக வரையச் சொன்னதற்கு ஒரு காரணம், எனக்கு அப்போது எழுத்து வராது, எண்ணும் வராது. யானைப் பெட்டி, கிளிப் பெட்டி என்றால் மறக்காது. அதைத்தான் இவர் கலை என்கிறார்.

மச்சான் என் முதுகில் கிள்ளினான். "வாயத் தொறந்துடாதீங்க மாமா."

"ஐயா, நீங்கதான் மூத்தவரு" என்று செருப்புக் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. இது ஆதியிலேர்ந்து இப்டியேதான இருக்கு?"

மச்சான் என்னையே பார்த்தான்.

"ரொம்ப நாளா இப்டித்தான்" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவர்களுக்கு ஆசை அடங்கவில்லை. செருப்புக் கடைக்காரர் பையிலிருந்து உப்புத்தாளும் தின்னரும் எடுத்தார். மேல் அழுக்கைத் தேய்த்துவிட்டால் ஆதி நிறம் வந்துவிடும், அதைப் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பலாம் என்று திட்டம். நான், "வாணாங்க, பெயிண்ட் போயிடும்" என்றேன். "நீங்க ஒக்காருங்க பெருசு" என்றார்கள். உட்கார்ந்தேன்.

அவர் யானையின் பின்பக்கத்தைத் தேய்த்தார். சாம்பல் போனது, வெள்ளை வந்தது, அப்புறம் கறுப்பாக ஒரு கோடு வந்தது. இன்னும் தேய்த்தார். மீசை. அதற்கு மேல் ஒரு கண்.

"டேய்" என்றார் செருப்புக் கடைக்காரர். "இது எங்க அப்பாரோட தலைவர்டா!"

கண்ணாடிக்காரர் உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டு கிளியின் மேல் பாய்ந்தார். கிளிக்கு அடியில், அந்தக் காலத்தில் மீசைக்காரருக்குப் போட்டியாக இருந்த நடிகர் இருந்தார். நடிகர்களின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் அடிதடி. அந்தக் கொட்டகையிலேயே நடந்துவிடும் போலிருந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால் சினிமா தொடாத சுத்தமான கலை என்ற மனிதர், கிளியைக் கட்டிக்கொண்டு, "நடிப்புன்னா இவருதான்யா. ஒங்காளு வெறும் சண்டதான போட்டாரு" என்றார். "யோவ், ஒங்காளு அழுது அழுதே தியேட்டர்ல வெள்ளம் வந்துடுச்சி" என்றார் செருப்புக் கடைக்காரர். யானையும் கிளியும் போன இடம் தெரியவில்லை.

முதலாளியம்மா எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் வெளிச்சம்.

"அப்பா காலத்துலயே இப்டித்தான் இருந்துச்சா! அப்ப ரூம்பு வேணாம். ராட்டினமே இருக்கட்டும். இப்ப ஓடற ஹீரோ ரெண்டு பேரு மூஞ்சியயும் பெயிண்ட்ல எய்திடலாம். ஒருத்தருக்கு இந்தப் பக்கம் ஆறு பொட்டி, இன்னொருத்தருக்கு அந்தப் பக்கம் ஆறு. ரசிகருங்க கூட்டம் அம்மும்."

வந்தவர்கள் கை தட்டினார்கள். ராட்டினம் பிழைத்தது, மச்சான் வேலையும் பிழைத்தது. நான் மச்சானைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது.

"ஆறு ஆறாவா?" என்றான். "நான் ஏத்தமாட்டேம்மா."

"இன்னாது?"

"ஏத்தமாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "மாமா, சொல்லுங்க."

முதுகில் கிள்ளியவனே சொல்லச் சொல்கிறான். நான் சட்டையைக் கழற்றி இடது கையைத் தூக்கிக் காட்டினேன். மார்பு உயரத்துக்கு மேல் அது ஏறாது.

எனக்குக் கல்யாணமான வருஷம். பழைய முதலாளி இதே யோசனையைச் செய்தார். பாதிச் சக்கரத்துக்கு ஒரு நடிகர், பாதிக்கு மற்றவர். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அவமானம் என்று இரண்டு கூட்டமும் சொன்னதால் ஆறு ஆறாகப் பிரித்தார். முதல் சில நாள் ஓடியது. அப்புறம் மீசைக்காரர் படம் புதிதாக வந்தது. காலை ஆட்டம் விட்டதும் அவர் ஆட்கள் நேராக இங்கே வந்து, அவர் முகம் போட்ட ஆறு பெட்டியிலும் நெருக்கி ஏறிவிட்டார்கள். எதிர்ப் பக்கம் காலி. "நாலு பேரு அந்தாண்ட போங்கப்பா" என்று கெஞ்சினேன். "அந்தாளு மூஞ்சி மேல நாங்க ஒக்கார்றதா? சுத்துடா" என்றார்கள். அந்த வயதில் எனக்கும் மீசைக்காரரைத்தான் பிடிக்கும். அதனால்தான் விட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இன்ஜின் முக்கி முனகிப் பாரத்தை உச்சிக்குக் கொண்டுபோனது. உச்சியைத் தாண்டியதும் சக்கரம் தானாக விழுந்தது. பெல்ட் அறுந்தது. பிரேக்குக் கட்டை புகைந்தது. கீழே வந்த வேகத்தில் மறுபக்கம் ஏறி, திரும்ப விழுந்து, ஊஞ்சல் மாதிரி போய் வந்தது. மேலே இருந்தவர்கள் இது விசேஷ ஆட்டம் என்று நினைத்து விசில் அடித்தார்கள். தலைவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். நான் அடிப் பெட்டியைப் பிடித்துத் தொங்கினேன். மூன்று தடவை இழுத்துக்கொண்டு போனது. நாலாவது தடவை நின்றது, தோள் நிற்கவில்லை. இறங்கினவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து, "இன்னொரு ரவுண்டு" என்றான்.

கட்டுப் போட்டு வந்ததும் முதலாளியிடம் சொல்லி, எல்லா முகத்தின் மேலும் யானையும் கிளியும் அடிக்கச் சொன்னேன். யானைக்காக யாரும் யாரையும் அடிப்பதில்லை.

நான் சொல்லி முடித்தபோது முதலாளியம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் போயிருந்தது. "அப்ப ராட்டினமே வேணாம்" என்றார். "ரூம்பே போட்டுடலாம்."

மச்சான் கீழே கிடந்த ஒரு போல்ட்டைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான். உப்புத்தாளால் பிழைத்தது, என் வாயால் போகிறது. அப்போதுதான் எனக்கு அந்த முகமூடிக்காரன் ஞாபகம் வந்தான்.

"அம்மா, அவன் மூஞ்சியவே பன்னெண்டு பொட்டிக்கும் எய்திடு. எல்லாம் ஒரே மூஞ்சி. புள்ளைங்களும் வரும். அவனுக்கோசரம் நம்மூர்ல எவனும் கட்சி கட்டமாட்டான். மச்சான் எந்தப் பொட்டியக் காட்றானோ அங்க ஒக்காருவாங்க."

அவர் யோசித்தார். "அந்தக் கம்பெனிக்காரன் கேட்டா?"

"காது ரெண்டு வச்சிட்டா அவன் வேற ஆளும்மா" என்றான் மச்சான். போல்ட்டை விட்டுவிட்டான்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். "இது கொலைங்க. பரம்பரைக் கலையக் கொல்றீங்க."

"எதுங்க கலை? மேல இருக்கற யானையா, அடியில இருக்கற மீசையா?" என்று கேட்டேன். செருப்புக் கடைக்காரர், மீசை இருந்த பெட்டியை மட்டும் விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். தரவில்லை.

மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ராட்டினம் நின்றது. பெயிண்ட் அடித்தவர் இந்தத் தடவையும் அதே படகுப் பெயிண்டர் கிழவர்தான். தகரக் காது வைத்த முகமூடிக்காரன் பன்னிரண்டு பேரும் வாளை மீன் மாதிரி இருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. குழந்தைகளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்துகொண்டிருந்தபோதே வரிசை நீண்டுவிட்டது.

கண்ணாடிக்காரர் அங்கே வந்திருந்தார். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்படித்தான் ஒரு பாரம்பரியம் சாகிறது" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஜினை வேறொருவனிடம் விட்டிருந்த என்னை மச்சான் ஒரு பெட்டியில் மீன்காரம்மா ஒருவரோடு ஏற்றியிருந்தான். எதிர்ப் பெட்டிக்குப் பாரம் பற்றவில்லை. கண்ணாடிக்காரரை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தான்.

"சார், ஏறுங்க. ஒங்க எடதான் கொறயுது."

"நானா? நான் வந்து..."

"வரிசையில ஜனம் நிக்குது பாருங்க. ஏறுங்க சார்."

ஏறினார். எதிர் எதிர்ப் பெட்டி என்பதால் நான் உச்சியில் இருக்கும்போது அவர் அடியில், அவர் உச்சிக்குப் போகும்போது நான் அடியில். அவர் முகத்தை என்னால் முழுசாகப் பார்க்கவே முடியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, முருகனைத்தான் கூப்பிட்டார். இறங்கும்போது இரண்டு கையாலும் அந்த முகமூடிக்காரனின் காதைப் பிடித்திருந்தார், விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. ஐம்பது வருஷமாக ராட்டினத்தோடு இருக்கிறேன். முதல் தடவை ஏறுகிறவர்களின் பிடி எனக்குத் தெரியும்.

மச்சான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து நின்ற ஆளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.