குடைக்குக் கீழே ஒரு வரி

மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது அண்ணி, பெயர் அச்சடித்த பக்கத்தைத் தொடமாட்டார். இரண்டு மாத்திரை போதும் என்பவருக்கு மறுமுனையிலிருந்துதான் வெட்டிக் கொடுப்பார். பெயர் இல்லாத துண்டை நீட்டி இதே வேண்டும் என்று யாராவது கேட்டால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர்கள் கையிலேயே வைத்துவிடுவார். "வெள்ளையா உருண்டையா நூறு மாத்திரை இருக்குங்க. இதுல எதைன்னு குடுக்கறது?"

மதியம் மருந்துக் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்புவார். கேமராவில் எடுத்ததல்ல, சாய்கோடு, அடைப்புக்குறி, புள்ளி என்று போனில் தட்டும் குறிகளை அடுக்கி யாரோ வரைந்த பூனை, ரயில், கோப்பை. அடியில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "செஞ்சவங்க பேர் தெரியல. தெரிஞ்சா சொல்லுங்க."

அந்த வரியை அவர் சும்மா போடுவதில்லை. அனுப்பியவரிடம் கேட்பார்; அவருக்கு யார் அனுப்பியது என்று கேட்டு அவரையும் பிடிப்பார். நாலு பேர் தாண்டினால் எங்கேயோ வந்தது என்பதோடு வழி முட்டிக்கொள்ளும். ஒருமுறை அவர் அனுப்பிய முயல் படம் ஒன்று, மூலையில் இருந்த இரண்டு எழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. வரைந்தவரின் முதலெழுத்துகளாக இருக்கும் என்று அண்ணிக்கு எண்ணம். "அந்த ரெண்டு எழுத்தை யாரு தின்னது?" என்று குழுவில் கேட்டுவிட்டு, தானே அவற்றை மறுபடி சேர்த்து அனுப்பினார்.

எங்கள் மாமாவுக்கு இது நல்ல தீனி. "பூனைக்கு அப்பன் பேர் கேக்கறவ ஊருலயே நீ ஒருத்திதாம்மா" என்பார். அண்ணிக்குக் கோபம் வராது. "பெத்தவங்க எங்கயாவது இருப்பாங்கல்ல மாமா."

அண்ணன் போய் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. போன மழையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, அண்ணிக்கு அவன் ஒரு குடை அனுப்பினான். சாய்கோடுகளால் விரிந்த குடை, வளைந்த பிடி, மேலே புள்ளி புள்ளியாக மழை. ஒரு கம்பி மட்டும் குட்டை. கீழே ஒரு வார்த்தை இல்லை. கடையில் அன்று நல்ல கூட்டம். நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு அண்ணி வேலையைப் பார்த்தார்.

இப்போது அந்தக் குடையைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. கீழே போடும் வரிதான் வரமாட்டேன் என்கிறது. அண்ணனின் போனில் தேடினோம். வந்ததை எல்லாம் அன்றன்றே அழித்துவிடுவது அவன் வழக்கம். யாராவது அவனுக்கு அனுப்பியிருந்தாலும் தடயம் இல்லை. அவனோடு வேலை பார்த்தவரைக் கேட்டால், உங்கள் அண்ணன் போனில் எதையாவது குத்திக்கொண்டேதான் இருப்பார், செய்திருந்தாலும் செய்திருப்பார் என்கிறார்.

"அவர் பேரைப் போட்டு, அது வேற யாரோடதாவது இருந்தா திருட்டு. தெரியலன்னு போட்டு, அவரோடதா இருந்தா..." என்ற அண்ணி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். ஒரு அட்டையை வெட்டி வைத்துவிட்டு, "ஊர்ல எல்லாரையும் கேட்டேன் தம்பி. அவரைக் கேக்கல" என்றார்.

அண்ணன்தான் செய்திருப்பான், குட்டையாக நிற்கும் கம்பியைப் பாருங்கள் என்றேன். ஒரு நேர்கோடு அவனுக்கு உருப்படியாக வந்ததில்லை.

"அவர் செய்யறப்ப நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் அவனுக்கு எதிர் நாற்காலியில்தான் இருந்தேன். அவன் கட்டைவிரல் போனில் நகர்ந்துகொண்டிருந்தது. ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். அண்ணி கேட்ட பிறகு எனக்கும் எல்லாம் குழம்பிவிட்டது. அவனுக்கு அந்தப் பொறுமை உண்டா? அவ்வளவு நேரம் அவனால் கையைத் தூக்கி வைத்திருக்க முடிந்ததா? கூடப் பிறந்தவன் நான், சொல்லத் தெரியவில்லை.

ஒன்றும் எழுதாமல் வெறும் குடையை அனுப்பிவிடுங்கள் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். பெயர் இல்லாத மாத்திரைத் துண்டோடு வந்தவனைப் பார்ப்பது போல அண்ணி என்னைப் பார்த்தார்.

இன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. குழுவைத் திறந்தால், அண்ணி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மாமாவும் ஆன்லைனில்தான் இருந்தார். கேலியாக ஒன்றும் போடவில்லை. மழை விடும்வரை அண்ணி எழுதிக்கொண்டே இருந்தார். எதுவும் வரவில்லை.