லாபம், ரெண்டு

என் மனைவி மரகதத்தின் மூச்சில் முதலில் கேட்டது மெல்லிய விசில் சத்தம். எண்ணூர்ச் சாம்பல் காற்றில் இருமாத வீடு ஏது என்று விட்டுவிட்டோம். ஒருநாள் மாடிப்படியில் பாதியிலேயே அவள் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் மருத்துவரிடம் போனோம். சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாத நோய்) என்றார்.

அவளைப் போன்ற ஒருவரோடு வாழ்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கொரோனா வந்து, தடுப்பூசியும் வந்தது. "அம்மாவுக்குத் தொத்துனா தாங்கறது கஷ்டம் சார். ரெண்டு பேரும் போட்டுக்கோங்க," என்றார் மருத்துவர். மரகதம் மறுத்துவிட்டாள். காரணம் நான்.

துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு பென்சிலின் ஊசிக்கு அனாஃபிலாக்ஸிஸ் (உடல் முழுதும் சட்டென்று பரவும் கடும் ஒவ்வாமை) வந்து விழுந்தவன் நான். அன்று என் தலையைத் தாங்கியிருந்தது அவள் மடி.

"மொதல்ல நீங்க போட்டுக்கினு நல்லா இருங்க. அப்பால நான் போட்டுக்கறேன். இல்லாங்காட்டி எனக்கும் வேணாம்," என்றாள்.

நான் நாளைக் கடத்தினேன். தெருவில் கொரோனா வந்து தகரம் அடித்து மூடிய வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது, எதிர்வீடு. அன்றே மருத்துவரிடம் ஓடினேன்.

"பென்சிலின் இதுல கிடையாது சார். பழைய ஒவ்வாமையைச் சொல்லிட்டுப் போடுங்க. போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்க. ஏதாவதுன்னா கொடுக்க மருந்து வச்சிருப்பாங்க."

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். செவிலியிடம் என் ஒவ்வாமையைச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன்.

"எத்தினி தபா சொல்லுவ நைனா? மருந்து தோ, ரெடியா கீது. கைய கல்லு மாதிரி வச்சிக்கினா ஊசிதான் ஒடையும். லூசா வுடு. இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு எப்பவும் இப்படித்தானா?"

"தூக்கத்துலயும் மூட்டை எண்ணுவாரு," என்றாள் மரகதம்.

ஊசி போட்டதும் பெஞ்சில் உட்கார்ந்து நாடியைப் பிடித்து எண்ணினேன். சற்று நேரத்தில் தொண்டை அடைத்தது. செவிலி ஓடி வந்து நாக்கை நீட்டச் சொன்னாள்; ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"ஒன்னியும் இல்ல நைனா. பயத்துல தொண்ட காஞ்சி கீது. தண்ணி குடி."

குடித்தேன். அடைப்பு போய்விட்டது. அரை மணியும் கடந்தது.

மரகதம் என் தோளைத் தொட்டு, "லாபம்," என்றாள்.

ராயபுரத்தில் அவள் அப்பா அரிசிக்கடை வைத்திருந்தார். அங்கே படியால் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அடுத்ததுதான் ரெண்டு. சொல்லிவிட்டு அவளே போய் ஊசி நாற்காலியில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். அடுத்த தவணை போட்டுக்கொண்டு திரும்பும்போது ஆட்டோவில், "ரெண்டு," என்றாள்.

பிறகு ஒருமுறை அவளுக்குக் கொரோனா வரத்தான் செய்தது. காய்ச்சல், இருமல். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆக்சிஜன் தேவைப்படவில்லை; வீட்டிலேயே தேறினாள். "ஊசி போட்டிருந்தது நல்லதாப் போச்சு," என்றார் மருத்துவர். அவரையும், பெயர் கேட்க மறந்துபோன அந்தச் செவிலியையும் நினைக்காத நாள் இல்லை.

என் இடது தோளைத் தடவினால் தழும்புகூட இல்லை. ஆனாலும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

இப்போதும் விடியற்காலையில் அவள் மூச்சை எண்ணுகிறேன். அவள் நெஞ்சு முதல்முறை ஏறி இறங்கியதும் என் வாய் தானாக, "லாபம்," என்கிறது. பல நாட்களில் ரெண்டுக்குப் போவதற்குள் அவள் கண்ணைத் திறந்துவிடுகிறாள்.

"எண்ணினது போதும். போய் டீ போடுங்க."